சந்திரமுகிக்குப் பிறந்த வீடு கொல்கத்தா

கொல்கத்தாவில் மானிக்தலா, கரியாஹாட் சந்தைகளில் காலை வேளையில் நடந்தால் சந்திரமுகி என்ற பெயர் அடிக்கடி காதில் விழும். கிலோ என்ன விலை என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். அங்கே அது உருளைக்கிழங்கு. மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1968இல் வெளியிட்ட 'குஃப்ரி சந்திரமுகி' ரகம். குஃப்ரி என்பது சிம்லாவை அடுத்த மலையூர். வெளுத்த வழவழப்பான தோல், ஆழமில்லாத கண்கள். ஜோதி ரகத்தைவிட விலை கூடுதல் என்றாலும் ருசி தெரிந்தவர்கள் இதைத்தான் கேட்டு வாங்குவார்கள். வங்காளி வாயில் அகரம் ஒகரமாகக் குழைவதால் 'சொந்த்ரொமுகி' என்று ஒலிக்கும்.

சென்னையில் இதே பெயர் எழுப்பும் நினைவு வேறு. சலங்கை, அப்பிய குங்குமம், அகலத் திறந்த மையிட்ட கண்கள். 2005 தமிழ்ப் புத்தாண்டு அன்று வெளியான 'சந்திரமுகி' படத்துக்குப் பிறகு சந்திரமுகி என்பது ஒருத்தியின் பெயர் என்ற நிலையிலிருந்து நழுவி, ஒரு நிலைமையைச் சொல்லும் சொல்லாகிவிட்டது. வீட்டில் ஒருத்தி கோபத்தில் கண்ணை உருட்டினால் "சந்திரமுகியா மாறிட்டா" என்கிறார்கள். முன்பு 'பேய் புகுந்துவிட்டது' என்று சொல்லிவந்த இடத்தில் இன்று ஒரு பெண்ணின் பெயர் நிற்கிறது.

இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே அந்தப் பெயர் வந்த வழி நூறாண்டுக்கும் மேல் நீண்டது. பேய்ப்படங்களின் மறு ஆக்கத்தை ஆராய்பவர்கள் கதை எங்கே திரும்பியது, எந்தக் காட்சி கூடியது, எது குறைந்தது என்று ஒப்பிடுவார்கள். பாத்திரத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் வேறொரு வரலாறு கிடைக்கும் என்பது என் எண்ணம். கதை மறந்ததைப் பெயர் நினைவில் வைத்திருக்கும்.

சொல்லின் உடலில் புதிர் ஒன்றும் இல்லை. சந்திரன், முகம்; நிலாமுகத்தாள். தமிழில் மதிமுகம், திங்கள் முகம் என்று காலங்காலமாகப் பாடிவந்ததுதான். மதிவதனி என்று பெண்களுக்குப் பெயரும் வைக்கிறோம். பாரசீகத்திலும் இதே பொருளில் 'மாஹ் லகா' என்ற சொல் உண்டு. ஹைதராபாத்தில் நிஜாம் அவையில் ஆடியும் பாடியும் கவிதை எழுதியும் வாழ்ந்த சந்தா பீபிக்கு (1768-1824) மாஹ் லகா பாய் என்பதே பட்டப்பெயர். சந்தா என்றாலும் நிலா, மாஹ் என்றாலும் நிலா. ஆடும் பெண்ணுக்கு நிலவின் பெயரைச் சூட்டுவது இந்த நாட்டில் மொழி பார்க்காமல் நடந்திருக்கிறது.

ஆனால் வங்காளத்தில் அந்தப் பெயர் ஆடரங்குக்கு மட்டும் சொந்தமாக இருக்கவில்லை. 1883இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் இரண்டு பெண்கள் இளங்கலைப் பட்டம் பெற்றார்கள். ஒருவர் காதம்பினி, பின்னாளில் மருத்துவரானவர். மற்றவர் பெயர் சந்திரமுகி பாசு. மறு ஆண்டே முதுகலையும் முடித்து, பெத்தூன் கல்லூரிக்கு முதல்வராகவும் உயர்ந்தவர். பெண்கள் தேர்வு எழுதலாமா கூடாதா என்று பல்கலைக்கழகம் முடிவெடுக்காமல் இருந்த காலத்திலேயே அந்தக் கதவைத் தட்டியவர் அவர். தமிழ்நாட்டில் சந்திரமுகி என்றதும் பயப்படும் பிள்ளைகளுக்கு இந்தச் சந்திரமுகியை யாராவது சொல்லித்தர வேண்டும்.

பெயர் மரியாதையுள்ள வீடுகளில் புழங்கிக்கொண்டிருந்தபோதுதான் சரத்சந்திர சட்டோபாத்தியாய் அதை எடுத்துக் கல்கத்தாவின் ஒரு தாசி வீட்டில் வைத்தார். 'தேவதாஸ்' அவர் இளவயதில் எழுதியது. அச்சில் வந்தது 1917இல். காதலி பார்வதியை இழந்த தேவதாஸைச் சுனிலால் என்ற நண்பன் சந்திரமுகியிடம் அழைத்துப் போகிறான். தேவதாஸ் அருவருத்துப் பணத்தை வைத்துவிட்டு எழுந்து போகிறான். தன்னை வெறுத்து எழுந்துபோன அந்த ஒருவனுக்காகவே அவள் தொழிலை விடுகிறாள், நகை நட்டைத் துறக்கிறாள், ஒரு சிற்றூரில் போய்க் குடிசை போட்டு வாழ்கிறாள். பிறகு அவனைத் தேடிக் கல்கத்தாவுக்குத் திரும்பிவந்து, தெருவில் குடித்துக் கிடந்தவனை எடுத்து ஆளாக்குகிறாள். நாவலில் யாருக்கும் அஞ்சாமல் தன் முடிவைத் தானே எடுக்கும் ஒரே ஆள் அவள்தான். தேவதாஸுக்கு அந்தத் துணிவு இல்லை. பார்வதிக்கு இருந்தும் வழி இல்லை. ஆனால் தேவதாஸ் சாகும் கடைசிக் கட்டம் பார்வதியின் வீட்டு வாசலில் நடக்கிறது. அங்கே சந்திரமுகிக்கு இடம் இல்லை. அவள் என்ன ஆனாள் என்பதைச் சொல்லாமலே நாவல் முடிந்துவிடுகிறது.

இந்த இடத்தைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆசை தீராமல், கணக்கு முடியாமல் போனவர்கள்தான் திரும்பி வருவார்கள் என்பது நம் ஊர் நம்பிக்கை. முடிவு எழுதப்படாமல் விடப்பட்ட ஆடற்பெண் ஒருத்தியின் பெயர், எண்பத்தெட்டு ஆண்டுகள் கழித்துத் தமிழில் ஆவியின் பெயராகத் திரும்பி வந்தது.

நடுவில் அந்தப் பெயர் பல வீடுகளில் தங்கியது. 1928இல் நரேஷ் மித்ரா மௌனப் படமாகத் தேவதாஸை எடுத்தார். சந்திரமுகி முதன்முதலாகத் திரையில் வந்தது அப்போது. இதே நரேஷ் மித்ராதான் 1950இல் 'கங்கால்' (எலும்புக்கூடு) என்ற படத்தை எடுத்தவர். வங்காளியின் முதல் பேய்ப்படம் என்று அதைச் சொல்வார்கள். சந்திரமுகியைத் திரைக்குக் கொண்டுவந்த கையும் வங்காளத் திரைக்குப் பேயைக் கொண்டுவந்த கையும் ஒன்றே.

1935இல் டாலிகஞ்சின் நியூ தியேட்டர்ஸ் பிரமதேஷ் பருவாவை வைத்துப் பேசும் படமாக எடுத்தது; சந்திரமுகியாகச் சந்திராவதி தேவி. மறு ஆண்டு இந்தியில் சைகல். அந்த இந்திப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்த பிமல் ராய் 1955இல் தானே இயக்குநராகித் தேவதாஸை மறுபடி எடுத்தபோது, சந்திரமுகி வேடத்தை ஒரு தமிழ்ப் பெண்ணுக்குக் கொடுத்தார்: வைஜயந்திமாலா. அந்த வேடத்துக்குக் கிடைத்த ஃபிலிம்ஃபேர் துணைநடிகை விருதை வைஜயந்திமாலா வாங்க மறுத்தார். சந்திரமுகி பார்வதிக்கு இணையான நாயகி, துணைப்பாத்திரம் இல்லை என்பது அவர் நிலைப்பாடு. சரத்சந்திரர் வைத்த முடிவுக்கு ஒரு நடிகை தெரிவித்த மறுப்பாகவே இதை நான் படிக்கிறேன். மூன்றாண்டு கழித்து இதே இயக்குநரும் இதே நடிகையும் சேர்ந்து எடுத்த 'மதுமதி'யில் வைஜயந்திமாலா ஆவியாக வந்தார். கதை எழுதியவர் ரித்விக் கட்டக்.

தென்னாட்டுக்கு முக்கியமான ஆண்டு 1953. வேதாந்தம் ராகவையா தெலுங்கிலும் தமிழிலும் எடுத்த தேவதாஸில் நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்தார்கள். கண்டசாலா குரலில் வந்த பாட்டுகளை இன்றும் கிழவர்கள் முணுமுணுக்கிறார்கள். அதில் சந்திரமுகியாக ஆடியவர் திருவிதாங்கூர் சகோதரிகளில் மூத்தவரான லலிதா. த. நா. குமாரஸ்வாமி போன்றோர் வங்க நாவல்களைத் தமிழில் கொண்டுவந்து வீடுவீடாகச் சேர்த்துக்கொண்டிருந்த காலமும் அதுவே. அன்று தொட்டுத் தெலுங்குக் காதிலும் தமிழ்க் காதிலும் சந்திரமுகி என்றால் ஆடுபவள், காதலிப்பவள், குடும்பத்துக்கு வெளியே நிற்பவள் என்று பொருள் படிந்துபோயிற்று. வங்காளி என்ற அடையாளம் மட்டும் கழன்றுவிட்டது.

இனிக் கேரளம். 1993 கிறிஸ்துமஸுக்கு ஃபாசிலின் 'மணிச்சித்திரத்தாழ்' வெளிவந்தது. கதை மது முட்டம். கங்கா என்ற நவீனப் பெண் பழைய மாளிகையின் பூட்டிய அறையைத் திறக்கிறாள். அங்கே கொல்லப்பட்ட நடனக்காரி நாகவல்லியாகத் தன்னை நினைத்துக்கொள்கிறாள். பேய் என்று ஊர் சொல்கிறது, மனநோய் என்று மருத்துவர் சொல்கிறார். கங்காவாக நடித்த ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. ஷோபனா யார்? 1953இல் சந்திரமுகியாக ஆடிய லலிதாவின் உறவில் மருமகள். அத்தை ஆடிய பெயர், மருமகள் ஆடிய பாத்திரத்தின் மேல் பன்னிரண்டு ஆண்டு கழித்து வந்து உட்காரப்போகிறது என்று அன்று யாருக்குத் தெரியும்?

நாகவல்லி என்றால் வெற்றிலைக்கொடி. அவள் தஞ்சாவூர்க்காரி. அவள் பேசுவது தமிழ், பாடும் பாட்டில் தமிழ் வரிகளை எழுதியது வாலி. மலையாளி ரசிகருக்கு மயிர்க்கூச்செறிந்தது அந்தத் தமிழைக் கேட்டபோதுதான். தன் வீட்டுப் பெண் வாயில் அயலூர் மொழி வருவதுதான் அங்கே பயத்தின் ஊற்று. காட்சிகளில் சில எடுக்கப்பட்ட பத்மநாபபுரம் அரண்மனைக்கும் இந்தக் கதையோடு பொருத்தம் உண்டு: நிலம் தமிழ்நாட்டில், கன்னியாகுமரி மாவட்டத்தில், நிர்வாகம் கேரள அரசிடம்.

இந்தக் கதை அடுத்தடுத்த மொழிகளுக்குப் போனபோது தலைப்புகள் மாறிய விதத்தைப் பாருங்கள். மலையாளத்தில் வேலைப்பாடுள்ள பூட்டின் பெயர் தலைப்பு. 2004இல் பி. வாசு கன்னடத்தில் எடுத்தபோது 'ஆப்தமித்ரா', உற்ற நண்பன். வந்து காப்பாற்றும் கதாநாயகன் மேல் கண் போய்விட்டது. 2005இல் அதே வாசு தமிழில் எடுத்தபோது 'சந்திரமுகி'. அதே ஆண்டு ஸ்வபன் சாஹா வங்காளியில் பிரசேன்ஜித்தை வைத்து எடுத்தபோது 'ராஜ்மஹால்'. 2007இல் பிரியதர்ஷன் இந்தியில் எடுத்தபோது 'பூல் புலையா', வழி தெரியாமல் சுற்றவைக்கும் கட்டடம். பூட்டு, நண்பன், பெண், அரண்மனை, சிக்கறை. அச்சத்தின் மையம் எது என்று ஒவ்வொரு மொழியும் வேறு இடத்தில் விரல் வைத்திருக்கிறது. ரஜினிகாந்த் நடித்த படத்துக்கு ஒரு பெண் ஆவியின் பெயரை வைத்தது தமிழ் மட்டும்தான். அந்தத் துணிவு பெரிது. சென்னை சாந்தி தியேட்டரில் படம் 800 நாளுக்கு மேல் ஓடியது.

நாகவல்லி தமிழச்சி என்பதால், தமிழில் எடுக்கும்போது அவளை அப்படியே வைத்துக்கொண்டால் அச்சம் போய்விடும். நம் வீட்டுப் பெண் நம் மொழியைப் பேசினால் யார் பயப்படுவார்? ஆகவே அயல்மொழி ஒன்று தேவைப்பட்டது. விஜயநகரத்துத் தெலுங்குக்காரி ஆனாள், புவனச்சந்திரா எழுதிய தெலுங்குப் பாட்டுக்கு ஆடினாள். தெலுங்கு ஆடற்பெண்ணுக்குப் பெயர் தேவை என்றபோது, 1953 முதல் அந்த மண்ணில் படிந்திருந்த பெயர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. வெற்றிலைக்கொடி நிலாவானது. ஐந்தாண்டு கழித்துத் தெலுங்கில் தொடர்ச்சி எடுத்தபோது படத்துக்கு 'நாகவல்லி' என்றே பெயர் வைத்தார்கள். ஒரு பெயர் மற்றதை முழுதாக அழித்துவிடவில்லை.

மலையாளிக்குத் தமிழச்சி, தமிழருக்குத் தெலுங்குக்காரி. இந்த வரிசை எனக்கு வேதனை தருகிறது. கோயிலிலும் அரண்மனையிலும் ஆடிய பெண்களை ஒரு காலத்தில் எல்லா ஊரும் வரவழைத்தது. பிறகு எல்லா ஊரும் கைகழுவியது. 1947இல் சென்னை மாகாணச் சட்டம் பொட்டுக்கட்டும் வழக்கத்தை நிறுத்தியது. அது வேண்டிய சட்டம். ஆனால் அந்தப் பெண்களுக்கு நடந்த கொடுமையைச் சொல்ல வந்த கதையில்கூட, அவள் எங்கள் ஊர்க்காரி என்று ஒரு மொழியும் ஏற்கவில்லை. பக்கத்து ஊரிலிருந்து வந்தவள் என்றே எல்லோரும் எழுதினார்கள். வரவழைத்த ஜமீன்தாரும் கொன்ற ஜமீன்தாரும் மட்டும் உள்ளூர்.

இந்தியில் எடுத்தபோது அயலூராக எதைத் தேர்ந்தார்கள்? வங்காளத்தை. ராஜஸ்தான் பக்கத்து அரண்மனைக்கு ராஜா கூட்டிவந்த நடனக்காரி மஞ்சுலிகா வங்காளி. அவள் பாடுவதும் வங்காளியில். 'மஞ்சு' என்றால் வடமொழியில் அழகு. நம் மஞ்சுளாவின் தங்கை போன்ற பெயர். சந்திரமுகி என்ற பெயரை இந்தி ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் எளிது. 2002இல் தான் சஞ்சய் லீலா பன்சாலியின் தேவதாஸ் வந்திருந்தது. சந்திரமுகி என்றால் இந்தி ரசிகருக்கு மாதுரி தீட்சித் ஆடியதுதான் கண்முன் நிற்கும். அந்தப் பெயரில் பேய் வந்தால் யாரும் பயந்திருக்க மாட்டார்கள். பெயரை விட்டுவிட்டு, பெயரின் பிறந்த வீட்டை வைத்துக்கொண்டார்கள். தெற்கில் பெயர் மட்டும் வந்து ஊர் தொலைந்தது. வடக்கில் ஊர் மட்டும் வந்து பெயர் தொலைந்தது. நிலவும் முழுதாக மறையவில்லை: மஞ்சுலிகாவின் காதலன் பெயர் சசிதர், நிலவைத் தாங்குபவன்.

மஞ்சுலிகாவாக நடித்தவர் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்து வித்யா பாலன். அவருடைய முதல் படம் கொல்கத்தாவில் கௌதம் ஹல்தார் எடுத்த வங்காளிப் படமான 'பாலோ தேக்கோ' (2003). முதல் இந்திப் படம் 'பரிணீதா' (2005), சரத்சந்திரரின் கதை.

எல்லா ஆக்கங்களிலும் மாறாதது ஒன்று உண்டு. ஆவி வெளிப்படும் நாள் துர்காஷ்டமி. கேரளத்தில் பூசைவைப்பு நாள். நமக்குக் கொலுவின் ஒரு நாள். கொல்கத்தாவில் அன்றுதான் ஊரே தெருவில் நிற்கும். அஷ்டமியும் நவமியும் சந்திக்கும் நேரத்தில் நூற்றெட்டு விளக்கேற்றிச் சந்திபூசை நடக்கும். மது முட்டம் கேரளத்துக்காக வைத்த நாள் வங்காளத்துக்கு வந்தபோது இன்னும் கனம் கூடியது.

வங்காளப் பேய்க்கதைகளிலும் இன்னொருத்தியின் இடத்தில் புகும் ஒருத்தி உண்டு. 'சாங்கசுன்னி' என்பது சங்கு வளை அணிந்த சுமங்கலிப் பேய். 1883இல் லால் பிகாரி டே ஆங்கிலத்தில் வெளியிட்ட வங்க நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் அவள் வருகிறாள்: ஒரு பிராமணன் மனைவியை மரப்பொந்தில் திணித்துவிட்டு, அவள் உருவில் வீட்டுக்குள் புகுந்து குடும்பம் நடத்துகிறாள். சந்திரமுகி பாசு பட்டம் வாங்கிய அதே ஆண்டு அச்சான கதை. சாங்கசுன்னிக்குச் சொந்தப் பெயர் கிடையாது. அது ஒரு வகையின் பெயர். அவள் ஆசைப்படுவது பழி தீர்க்க அல்ல, வாழ்ந்து பார்க்க. ராஜ்மஹாலைப் பார்த்த வங்காளிப் பாட்டிகளுக்கு ஒருத்தி உடலில் இன்னொருத்தி என்பது புதிதாக இருந்திருக்க முடியாது.

இவற்றையெல்லாம் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கக் கொல்கத்தாவைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. ஒப்பிலக்கியத்துக்கென 1956இல் புத்ததேவ் போஸ் துறை தொடங்கியது ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில். திரைப்பட ஆய்வுக்கெனத் தனித்துறையும் நாட்டிலேயே முதலாவதாக அங்கே வந்தது, மணிச்சித்திரத்தாழ் வெளியான அதே 1993இல். தழுவல் என்பது நகல் எடுப்பது அல்ல, முந்தியதை நினைவில் வைத்துக்கொண்டு மறுபடி சொல்வது என்று லிண்டா ஹட்சியன் 2006இல் விரிவாக எழுதினார். தேவதாஸ் மீண்டும் மீண்டும் எடுக்கப்படுவதை ஃபிராய்ட் சொன்ன 'திரும்பச் செய்தல்' வழியே படித்தார் கோரி கிரீக்மர். இந்திப் படங்களின் பேய்களையும் பெண்மையையும் சேர்த்து மெஹலி சென் 2017இல் ஒரு நூலே எழுதினார். தேவதாஸ் ஆய்வு ஒரு அலமாரியிலும் பேய்ப்பட ஆய்வு வேறு அலமாரியிலும் இருக்கின்றன. சந்திரமுகி என்ற பெயர் இரண்டுக்கும் பொதுவான சாவி.

பேயை எந்த ஊர்க்காரியாக ஆக்குகிறோம் என்பதில் விளையாட்டு இல்லை. வங்காளத்துப் பெண்கள் மந்திரக்காரிகள் என்ற பழிச்சொல் இந்தி நாட்டில் பழையது. 'பங்காலின் கறுப்பு வித்தை' என்பது அங்கே வழக்குத் தொடர். 2020இல் இந்தி நடிகர் ஒருவரின் சாவுக்குப் பிறகு அந்தத் தொடர் சமூக ஊடகங்களில் வெறுப்பாகக் கிளம்பியது. வங்காளிப் பெண்கள் பலர் எதிர்த்து எழுதவேண்டி வந்தது. மஞ்சுலிகாவை வங்காளியாக்கிய முடிவு கதைவசதிக்காக எடுத்ததாக இருக்கலாம். போய் ஒட்டிக்கொண்ட இடம் அந்தப் பழைய பழி.

2022இல் தபு இரட்டை வேடத்தில் வந்த இரண்டாம் பாகத்துக்குப் பிறகு, 2024இல் 'பூல் புலையா 3' வந்தது. இம்முறை கதை நடப்பதே வங்காளத்தில், ரக்தகாட் என்ற கற்பனைச் சமஸ்தானத்தில். அயல்மொழி பேசியவள் சொந்த மண்ணில் நிற்கிறாள். 2002இன் சந்திரமுகியான மாதுரியும் 2007இன் மஞ்சுலிகாவான வித்யாவும் அதே வங்காளிப் பாட்டுக்குச் சேர்ந்து ஆடுகிறார்கள். கடைசியில் தெரிகிறது: இத்தனை நாள் மஞ்சுலிகா என்று ஊர் பயந்த ஆவி பெண்ணே இல்லை, பெண் உடுத்தி ஆட விரும்பியதற்காகத் தந்தையால் எரிக்கப்பட்ட இளவரசன், பெயர் தேவேந்திரநாத். வங்காளி வாயில் அது 'தேபேந்த்ரொநாத்'; தேவதாஸும் அங்கே 'தேப்தாஸ்', பார்வதி அவனைக் கூப்பிடுவது 'தேப்தா'.